உலகம்மாள் கண்ணை மூடிய கதை

மூணாமடையில் செத்துப்போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பார்ப்பார்கள். ஆணானாலும் பெண்ணானாலும், படுத்த படுக்கையாகக் கிடந்து போன கிழவரானாலும் பம்புசெட்டுக் கிணற்றில் தவறி விழுந்த இளவட்டமானாலும், நடுவீட்டுச் சுவரில் மாலைக்குள்ளிருந்து அவர்கள் பார்க்கிற பார்வை ஒன்றுதான். எதிரே நிற்பவர் இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கமும் வலது பக்கம் நகர்ந்தால் வலது பக்கமும் கூடவே வருகிற, ஓரத்தில் லேசாக ஈரம் கோத்த, எதையோ கேட்க வந்து கேட்காமல் விட்ட பார்வை. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் கவனித்துவிட்டு, இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ரத்த சொந்தம் போலிருக்கிறது, நமக்குச் சரிப்படாது என்று காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனதும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பெரிய காரணம் வைத்திருந்தார்கள்: சாவு எல்லோரையும் ஒன்றாக்கிவிடுகிறது என்றார்கள். உண்மைக் காரணம் அவ்வளவு பெரியதல்ல. அந்தக் கண்கள் எல்லாம் ஸ்டுடியோக்காரர் சொரிமுத்துவின் மனைவி உலகம்மாளின் கண்கள்.

சொரிமுத்து பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நியூ ஜோதி ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எல்லாம் எடுப்பார் என்றாலும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கண் திறக்கிற வேலைதான். மூணாமடைக்காரர்கள் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்வதில் நாட்டமில்லாதவர்கள்; ஆள் போன பிறகுதான் வீட்டில் ஒரு படமும் இல்லை, பதினாறாம் நாள் மாலை போட என்ன செய்வது என்று நினைவு வந்து சொரிமுத்துவுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து, பிணத்தை நாற்காலியில் சாய்த்து நேராக ஒரு படம் எடுத்துக்கொண்டு போய், மூக்குப் பஞ்சை அழித்து, தாடைக்கட்டை அழித்து, வெள்ளைச் சட்டையோ பட்டுச்சேலையோ மாட்டி, கடைசியாக மூடிய கண்ணைத் திறந்து தருவார். கோயில் சிலைக்குக் கண் திறக்க ஸ்தபதிகளுக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, தங்க உளி உண்டு, திறந்த கண் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. போட்டோவில் கண் திறக்க அப்படியொரு சாஸ்திரத்தை யாரும் எழுதி வைக்காத காரணத்தால் சொரிமுத்து தமக்கு வசதிப்பட்டதைச் செய்தார். கல்யாணமான புதிதில் கேமராவைச் சோதித்துப் பார்க்க மனைவியை வெயிலில் நிற்கவைத்து எடுத்த படங்கள் இருந்தன. அதில் ஒன்றிலிருந்து அவள் இரண்டு கண்களையும் அறுத்தெடுத்து லேப்டாப்பில் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, போனவர் யாரானாலும் அதையே பொருத்தினார். புருவத்தை அடர்த்தியாக்கினால் ஆண். மை தீட்டினால் பெண். கீழே இரண்டு கோடு இழுத்தால் கிழம்.

உலகம்மாளுக்கு இது தெரியும். “என் கண்ணுதான் கிடைச்சுதா உங்களுக்கு?” என்று ஒருதரம் கேட்டாள்.

“ஊர்லயே நேராப் பாக்குற கண்ணு அது ஒண்ணுதாட்டி” என்றார். அவர் அவளைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான் என்பதால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் லேப்டாப்பின் திரை மினுங்க ஆரம்பித்தது. லேப்டாப்புக்குள் திரையை ஓட்டுவதற்கென்று ஒரு சின்ன நிரல் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். பஸ் டிரைவரைப் போலவே அதுவும் ஒழுங்காக ஓட்டுகிற வரையில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில் இருக்காது. சொரிமுத்து யாரோ ஒருவர் இந்தியில் விளக்குகிற வீடியோவைப் பார்த்து, சொல் புரியாவிட்டாலும் அம்புக்குறி புரிந்ததால், எங்கோ ஒரு தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டு லேப்டாப்பை அணைத்து மறுபடி முடுக்கினார். ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உலகம்மாள் எரிச்சல் தாங்காமல் கண்ணை இறுக்கி மூடினாள். மூடிய இடத்தில் இருட்டு இல்லை. டவுனில் டிவி கடைச் சுவரில் வரிசை வரிசையாக அத்தனை டிவியும் ஓடுமே, அதுபோல ஊரிலுள்ள நடுவீடுகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஒன்றில் தொட்டில் ஆடியது. ஒன்றில் பஞ்சாயத்துத் தலைவர் பனியனைத் தூக்கி முதுகு சொறிந்தார். ஒன்றில் ராமலட்சுமி டீச்சர் வீட்டு அடுப்படி, கதவு வழியாகப் பாதி தெரிய, பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து தெருவுக்குப் போய், “டீச்சர், பால் பொங்குது” என்று குரல் கொடுத்தாள். டீச்சர் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி வந்து, “நீ எப்படிப் பாத்த?” என்றாள்.

“உங்க மாமனார் படத்துல இருந்து” என்றாள் உலகம்மாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து, எங்கள் வீட்டுப் படம் நீங்கள் கண் திறந்ததா, முன்னமே எடுத்ததா என்று சொரிமுத்துவிடம் விசாரித்துப் போனார்கள். மறுநாள் விடியும்போது, ஒரு கட்டத்தைத் தவிர, உலகம்மாளுக்குத் தெரிந்தது எல்லாம் படங்களின் மேல் போட்ட துணிதான்: கோடு போட்ட துண்டு, பூப்போட்ட தலையணை உறை, ஒரு வீட்டில் குழந்தையின் ஜட்டி. அவள் மகிழ்ந்துபோனாள். துணி இருட்டு, நல்ல இருட்டு, அதற்குள் தூங்கிவிடலாம்.

ஆனால் மூணாமடைக்காரர்கள் எதையும் வீணாகப் போக விடுகிறவர்கள் அல்ல. நடவுக்குப் போகிற மாரியம்மாள்தான் முதலில் துண்டை எடுத்தாள். எடுத்துவிட்டு, தன் அப்பா படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, திறந்து கிடந்த வாசலையும் தன்னையும் விரலால் காட்டி, நான் வெளியே போகிறேன், வீட்டைப் பார்த்துக்கொள் என்று சைகை செய்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குள் ஆடு புகுந்தது. உலகம்மாள் ஆள் அனுப்பி விரட்டினாள். பிறகு துணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. படத்துக்குக் கண்தான், காது கிடையாது என்பதால் காலண்டர் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார்கள். *ரிமோட்டை எங்கே வைத்தேன். கேஸ்காரன் வந்தால் நாளைக்கு வரச்சொல். என் மருமகள் யாருக்குப் போன் பண்ணுகிறாள்.* கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்வதில்லை. நடுவீடுகளில் ஒழுக்கம் பெருகி, அதே அளவுக்கு அடுப்படியில் குறைந்தது. சண்டைகள் கொல்லைப்புறத்துக்குப் போயின, சீட்டாட்டம் மாட்டுத்தொழுவத்துக்குப் போனது. புதிதாக வீடு கட்டிய ஒருவர், இன்னும் யாரும் சாகாத வீடு என்பதால், காவலுக்கு ஒரு படம் செய்து தர முடியுமா, ஆள் யாரானாலும் பரவாயில்லை என்று சொரிமுத்துவிடம் கேட்டார்.

உலகம்மாள் ஊரோடு சேர்ந்து தூங்கக் கற்றுக்கொண்டாள். கடைசி டிவி அணைந்து கடைசி விளக்கும் அணைந்தால் அவளுக்கும் இருட்டு வரும்; முதல் வீட்டில் விளக்கு எரிந்தால் விடிந்துவிடும். தேவர்களுக்கு இமையார் என்று ஒரு பெயர் உண்டு, இமைக்காதவர்கள் என்று பொருள் சொல்வார்கள். அந்தத் தேவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று விசாரித்த உரையாசிரியர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களைப் பற்றியும் யாராவது கவலைப்பட்டிருக்கலாம் என்று உலகம்மாளைப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும். கண்ணுக்குக் கீழே அவள் கணவர் கிழங்களுக்கு இழுப்பாரே இரண்டு கோடு, அது அவளுக்கே விழுந்துவிட்டது.

ஆரம்பத்திலிருந்தே துணி போடாத வீடு ஒன்று இருந்தது. செங்கல் சூளை தவசிக்கனியின் வீடு.

தவசிக்கனியின் மனைவி மாரித்தங்கம் முந்தின கோடையில் காய்ச்சலில் போனவள். பிள்ளை கிடையாது. வாய் பேசாத, தலை நிமிராத பொம்பளை என்று ஊரில் அவளுக்கு நல்ல பேர். அவளுக்குக் கண் திறந்ததும் சொரிமுத்துதான். உலகம்மாள் கண்ணை மூடிய முதல் நாளே அந்தக் கட்டத்தைக் கவனித்திருந்தாள்: மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தவசிக்கனி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, படத்தைப் பார்ப்பார். பாவம், பொண்டாட்டி மேல் இவ்வளவு ஆசை என்று அவள் முதலில் நினைத்தாள். இன்னொருவர் துக்கத்தைப் பார்ப்பது தப்பென்று நினைத்து அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்காமல் இருக்க முயற்சி பண்ணினாள். பார்க்காமல் இருப்பதற்குக் கண்ணைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

ஊருக்கு விஷயம் தெரிந்த பிறகும் அவர் நாற்காலியைப் போட்டார். இப்போது இன்னும் கிட்டத்தில் போட்டார். பொண்டாட்டியைப் பார்க்கிற புருஷன் முகம் அல்ல அது. வாங்கிய மாட்டைப் பார்க்கிற முகம். ஒருநாள் சூளையில் ஆள் பேர் எழுதுகிற கரும்பலகையை மடியில் வைத்து, சாக்பீஸால் எழுதி, தூக்கிக் காட்டினார்.

*தூங்கலியா?*

உலகம்மாள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். எதிரே அவள் அடுப்படி, அவள் ஆட்டுரல், அவள் முறத்தில் அரிசி. கண் எரிகிற வரைக்கும் திறந்தே வைத்திருந்து பார்த்தாள். இமை என்பது நாம் சொல்கிறபடி கேட்கிற உறுப்பு அல்ல. அது தானே விழுந்தது. விழுந்த இடத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தவசிக்கனி வீட்டில் விளக்கு அணையவில்லை. ஊர் முழுக்க இருண்ட பிறகும் அந்த ஒரு கட்டம் மட்டும் வெளிச்சமாக, நாற்காலியோடு, நாற்காலியில் அவரோடு இருந்தது. அவர் தூங்கும்போது நாற்காலியிலேயே தூங்கினார், முகத்தைப் படத்துக்கு நேராக வைத்துக்கொண்டு.

சொரிமுத்து பேசிப் பார்க்கப் போனார். தவசிக்கனி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

“அண்ணாச்சி, ராத்திரிக்கு மட்டுமாவது அந்தப் படத்துக்கு ஒரு துண்டு போடுங்க. வீட்டுல அவளால தூங்க முடியல.”

“எந்தப் படத்துக்கு?”

“மதினி படத்துக்கு.”

“செத்துப்போன என் பொண்டாட்டி மூஞ்சியை நான் எதுக்குடே மூடணும்? உன் பொண்டாட்டிக்கு என் வீட்டுல என்ன சோலி?”

சொரிமுத்து மோரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தார். மோர் நன்றாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் வீட்டில், தன் பொண்டாட்டி படத்தை, தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தன் பார்ப்பதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று தனக்கு விளங்கவில்லை என்றார். “பாக்குறது அவளாக்கும், அவன் இல்ல. முறையாப் பாத்தா அவன்தான் பிராது குடுக்கணும்” என்றார் ஒருவர். பெண்கள் பக்கத்திலிருந்து மாரியம்மாள், “அவன் பாக்கப் பாக்கத்தான இவ பாக்கா? இந்த நாயம் உங்க வீட்டுப் பொம்பளைக்கு ஆனா தெரியும்” என்றாள். பெண்கள் எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள். ஆனாலும் லேப்டாப்பைச் சரிபண்ணிவிடலாம் என்று சொரிமுத்து சொன்னபோது மாரியம்மாள் உட்பட எல்லோருக்கும் முகம் வாடியது. அறுவடை நேரம், வீடுகள் திறந்து கிடக்கும், தை முடியட்டுமே என்றார்கள்.

தவசிக்கனி தை முடியக் காத்திருக்கவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் நகல் போட்டுக்கொண்டு வந்தார். நகலுக்கும் அதே கண்தானே. அடுப்படியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, குளிக்கிற இடத்துக்கு எதிரே ஒன்று என்று மாட்டினார். பிறகு கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிற அளவுக்கு ஃபிளெக்ஸ் அடித்து முற்றத்துச் சுவரை மூடினார். உலகம்மாளின் இமைக்குள் இருந்த கட்டங்களில் தொட்டில் ஆடுகிற வீடு சுருங்கியது, டீச்சர் வீடு ஓரத்துக்குப் போனது, மாரியம்மாளின் வாசல் காணாமலே போனது. ஊர் சிறுத்து அவர் வீடு பெருத்தது. எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் தவசிக்கனி: பல் விளக்குகிற தவசிக்கனி, சட்டை கழற்றுகிற தவசிக்கனி, இலை போட்டு எதிரே இன்னொரு இலையும் போட்டு, சாப்பிடு என்று கை காட்டுகிற தவசிக்கனி. கரும்பலகையில் இப்போது எழுதியிருந்தது: *இங்கதான இருக்க.*

அவள் அதைக் கணவரிடம் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. அதுதான் சொரிமுத்துவைப் பயமுறுத்தியது.

சொரிமுத்து ஏற்கனவே தமக்குத் தெரிந்த எல்லா வழியையும் பார்த்திருந்தார். பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் மங்கலாகக் கிடந்தது, அமுக்க வரவில்லை. வேறொரு டிரைவரைப் போட்டபோது உலகம்மாளுக்கு ஒருநாள் முழுக்க எல்லா வீடும் தலைகீழாகத் தெரிந்து வாந்தி வந்தது. இன்னொன்றைப் போட்டபோது எல்லோரும் பச்சையாகத் தெரிந்தார்கள். கண் இருந்த கோப்பையே அழித்துவிடலாம் என்று போனால், இந்தக் கோப்பை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், அழிக்க முடியாது என்று திரையில் வந்தது. அந்த வாக்கியத்தை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

டவுனில் லேப்டாப் பழுது பார்க்கிற ஜெபசீலியிடம் தூக்கிக்கொண்டு போனார். அவள் முழுக்கதையையும் கேட்டாள். பழுதுபார்க்கிறவர்கள் இதைவிட நம்ப முடியாத கதைகளை நித்தமும் கேட்கிறவர்கள்.

“டிரைவர் கண்டபடி கலந்து கிடக்குண்ணே. பிடுங்கிப் போட வழியில்ல. லேப்டாப்பை வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிர வேண்டியதுதான். அது ரெண்டு வகையா கேக்கும். உங்க கோப்பையெல்லாம் வச்சுக்கிடவா, இல்ல எல்லாத்தையும் அழிச்சிரவான்னு.”

“வச்சுக்கிட்டா?”

“கண்ணும் இருக்கும். மதினி சீக்கும் இருக்கும்.”

“அழிச்சா?”

“லேப்டாப்பு புதுசு மாதிரி ஆயிரும்.”

“நான் லேப்டாப்பைக் கேக்கலம்மா. கண்ணு அதுக்குள்ள இருக்கு. கண்ணை அழிச்சா, கண்ணு…”

ஜெபசீலி திருப்புளியைக் கீழே வைத்தாள். “லேப்டாப்புக்கு நான் வாரண்டி தருவேண்ணே. மதினிக்குத் தர முடியாது” என்றாள். பிறகு, “பேட்டரி செத்துக் கிடக்கு. சார்ஜர் போட்டே செய்ங்க. நடுவுல கரண்டு போச்சுன்னா அப்படியே நின்னுரும், அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது” என்றாள்.

வீட்டுக்கு வந்து சொரிமுத்து இதையெல்லாம் சொல்லி, கோப்பை வைத்துக்கொண்டே ஒருதரம் செய்து பார்க்கலாம் என்றார்.

“அழிங்க” என்றாள் உலகம்மாள்.

“கண்ணு போயிருச்சுன்னா?”

“மூடவாவது முடியும்ல.”

“ஏட்டி, குருடாப் போயிட்டா என்னட்டி செய்வ?”

“நீங்க இருக்கீங்கள்ல” என்றாள். அது நம்பிக்கையா கிண்டலா என்று அவருக்குப் புரியவில்லை.

மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில், கரண்டு போகாத நேரம் என்று கணக்குப் பண்ணி, ஸ்டுடியோவில் வைத்துத் தொடங்கினார். எல்லாவற்றையும் அழி என்ற வரியின் மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு அவர் விரல் நின்றது. உலகம்மாள் அவர் விரலின் மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள். திரை கறுத்து, ஒரு வட்டம் சுழல ஆரம்பித்து, அதன் கீழே சதவீதம் ஏறத் தொடங்கியது. அவள் படமெடுக்கிற முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

ஓரத்திலிருந்து அணைந்தது. டீச்சர் வீடு அணைந்தது. தொட்டில் வீடு, ஆடிக்கொண்டிருந்த தொட்டிலோடு அணைந்தது. தலைவர் முதுகு சொறிய பனியனைத் தூக்கியபடியே அணைந்தார். “போகுது, போகுது” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தவசிக்கனியின் குளிக்கிற இடம் போனது, படுக்கையறை போனது, முற்றத்து ஃபிளெக்ஸ் போனது. கடைசியில் நடுவீடு ஒன்று மட்டும் நின்றது.

அங்கே நாற்காலி காலியாக இருந்தது.

அவள் அந்த நாற்காலியில் அவர் இல்லாமல் இதுவரை பார்த்ததில்லை. இருந்தபோது வந்த பயத்தைவிட இது பெரியதாக இருந்தது. கரும்பலகை கீழே கிடந்தது. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

“ஏங்க, அவுக வீட்டுல இல்ல” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டுடியோ கண்ணாடிக்கதவு தள்ளுகிற சத்தம் கேட்டது. லேப்டாப்பை அழிக்கப் போகிறார்கள் என்று ஊரில் யாருக்குத்தான் தெரியாது.

“என் பொண்டாட்டியை அழிக்கீங்களாமே” என்றார் தவசிக்கனி. குரல் சாந்தமாக இருந்தது. வந்தவர் நேரே சுவர்ப்பக்கம் போய், சார்ஜர் சொருகியிருந்த சுவிட்சின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். சொரிமுத்து எழுந்தார். “கிட்ட வராதடே. அமத்திருவேன்.” சொரிமுத்து நின்றார். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. தொண்ணூற்றுச் சொச்சத்தில் வந்து நின்ற சதவீதம், அந்த இடத்தில் வந்தால் எந்த லேப்டாப்பும் செய்கிறபடி, நகராமல் கிடந்தது.

“உலகு. கண்ணைத் தொறந்து என்னைப் பாரு. நேருக்கு நேரா ஒருதரம். நான் பாட்டுக்குப் போயிருதேன்.”

உலகம்மாளுக்கு இமை துடித்தது. திறந்தால் இங்கே அவர். மூடினால் அவர் வீடு. ஆனால் அவர் வீட்டில் இப்போது அவர் இல்லை. உலகத்திலேயே அவர் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அவள் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“உங்க வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி” என்றாள். “நாற்காலி சும்மா கிடக்கு. நீங்க இல்லாதப்ப உங்க வீடு வேற மாதிரி இருக்கு.”

“எப்படி இருக்கு?”

அவர் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டதிலிருந்து அவர் கட்டைவிரல் சுவிட்சை மறந்துவிட்டதைச் சொரிமுத்து பார்த்தார்.

“வெயில் வாசல் வழியா உள்ள வந்து நாற்காலிக் கால் வரைக்கும் விழுந்திருக்கு. ஒரு கோழி வந்திருக்கு. உங்க பலகையைக் கொத்திப் பாக்குது. மாடத்துல ஒரு சீப்பு இருக்கு, பல்லு ரெண்டு போனது, அதுல முடி சுத்தி வச்சிருக்கு. நீங்க இருக்கும்போது இதொண்ணும் எனக்குத் தெரியல. உங்களைத்தான் தெரிஞ்சுது.”

“அது அவ சீப்பு” என்றார் தவசிக்கனி. பிறகு, “அவ என்ன செய்யுதா?” என்று கேட்டார்.

“யாரு?”

“மாரித்தங்கம்.”

“அவுக இங்க இல்ல அண்ணாச்சி. படத்துல நாந்தான் இருக்கேன். வீடு முழுக்க நாந்தான் இருக்கேன். அவுக எங்கயும் இல்ல.”

கோழி தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தது. அப்புறம் கோழி இல்லை, வெயில் இல்லை, நாற்காலி இல்லை. இருட்டு வந்தது. துணியின் இருட்டு அல்ல, விளக்கணைத்த வீட்டின் இருட்டு அல்ல. அவளுடையதேயான, பின்னால் ஒன்றும் இல்லாத இருட்டு. லேப்டாப் ஒருதரம் சின்னதாகக் கிணுங்கி, யாரையும் தெரியாத முகத்தோடு வணக்கம் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

“இப்ப என்ன தெரியுது?” என்றார் தவசிக்கனி.

“ஒண்ணும் தெரியல.”

“என்னைத் தெரியுதா?”

“இல்ல” என்றாள் உலகம்மாள்.

தவசிக்கனி சுவிட்சிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போலப் பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. சொரிமுத்து மனைவியின் அருகே வந்து, “உலகு, போயிட்டாரு. கண்ணைத் தொற” என்றார். முக்காலியில் உட்கார்ந்தபடியே, பின்னால் தொங்கிய நீலத்திரையில் தலையைச் சாய்த்து அவள் தூங்கிப்போயிருந்தாள். அவர் அவளை மெல்லத் தூக்கிப்போய்ப் பாயில் படுக்கவைத்தார். அவளுக்குப் பார்வை இருக்கிறதா போய்விட்டதா என்பது அவள் விழித்துக் கண்ணைத் திறந்தால்தான் தெரியும். எழுப்ப அவருக்குத் தைரியம் இல்லை.

அவள் அன்றைக்கு முழுக்கத் தூங்கினாள், மறுநாளும் தூங்கினாள். அதற்குள் ஊரே ஸ்டுடியோ வாசலுக்கு வந்து போனது. எல்லா வீட்டுப் படங்களும் கண்ணை மூடியிருந்தன. மாலையும் பொட்டும் சட்டையும் அப்படியே இருக்க, இமைகள் மட்டும் சொரிமுத்து முதன்முதலில் பார்த்தபோது இருந்தபடி மூடியிருந்தன. இனி வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்று சிலர் சடைத்துக்கொண்டார்கள். டீச்சர், மாமனாருக்கு இப்போதுதான் நல்ல முகக்களை வந்திருக்கிறது என்றாள். எல்லோருக்கும் சொரிமுத்து வாயில் விரலை வைத்து, மெதுவாகப் பேசச் சொன்னார்.

கடைசியாகத் தவசிக்கனி வந்தார். படத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். சொரிமுத்து எழுந்து உள்கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். தவசிக்கனி உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. படத்தைத் திருப்பி மேஜையின் மேல் வைத்தார். கண் மூடிய மாரித்தங்கம், ஊர் சொன்ன அதே நல்ல பொம்பளையாக, தலை நிமிராமல் இருந்தாள்.

“இவ கண்ணு எப்படிடே இருக்கும்?” என்றார். “யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், உன் பொண்டாட்டி கண்ணுதான் வருது. நீ படம் எடுத்தவன். உனக்கு ஞாபகம் இருக்கும்ல.”

சொரிமுத்து படத்தைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார்.

“நான் வரும்போது மூடியிருந்துச்சு அண்ணாச்சி” என்றார்.

தவசிக்கனி படத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

உலகம்மாள் விழித்தபோது உச்சிவேளை. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தடவி, “ஏங்க, விடிஞ்சிருச்சா?” என்று கேட்டாள். ஜன்னல் வெயில் அவள் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. சொரிமுத்து பாயருகே மண்டியிட்டார். அவள் முகத்துக்கு நேரே குனிந்து, “தொறந்துதான் பாரேன்” என்றார். வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது அவர் குரல்.

“இருங்க. இன்னும் கொஞ்ச நேரம்” என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க அவர் மூச்சு விடாமல் குனிந்தே இருந்தார். வெளியே பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் இறக்கி, கிளம்பிப் போனது. பிறகு இமைகள் அவசரமில்லாமல் பிரிந்தன. கறுப்பு விழிகள் எங்கேயோ பார்த்தன, சுருங்கின, நகர்ந்தன, வந்து நின்றன.

“தள்ளி உக்காருங்க” என்றாள். “வெளிச்சத்தை மறைக்கீங்க.”